பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையா?

“பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, கடையில் உட்கார வைத்துவிட வேண்டியதுதான்.” நம் வியாபாரிகளிடையே அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அவ்வாறு முடிவு கட்டுமுன் நாம் அறியவேண்டிய விஷயம் ஒன்றிருக்கிறது. வைத்தியர்கள் அதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். கவனம் நிலைக்காமை, அடங்காத துடிப்பு, யோசியாமல் செய்துவிடுதல் ஆகியவை அதன் கூறுகள். 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றியிருக்கிறார். ஆகவே இது கைத்தொலைபேசி வந்தபின் முளைத்ததன்று.

ஸ்டோரிலிருந்து மூன்று சாமான் எடுத்துவரச் சொன்னால் ஒன்றோடு திரும்புவான். புத்தகமும் தொப்பியும் தொலைந்தபடியே இருக்கும். கணக்குத் தெரிந்திருந்தும் கூட்டலைக் கழித்தலாகப் படிப்பான். கேள்வி முடியுமுன் பதில் வரும். “விளையாட்டுத் திரைமுன் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கிறானே!” என்பார்கள். பிடித்ததில் ஒன்றிப்போவதும், பிடிக்காததில் மனம் ஒட்டாததும் இதில் சகஜம். பதின்ம வயதில் ஓட்டம் குறைந்து, காலாட்டமும் உள்ளுக்குள் பரபரப்பும் மிஞ்சும். பெண்பிள்ளைகள் பலர் சத்தமே போடுவதில்லை. ஜன்னலைப் பார்த்தபடி இருப்பார்கள். ‘அடக்கமான பிள்ளை’ என்ற பெயரோடு வருஷங்கள் கழிந்துவிடும்.

துள்ளுகிற பிள்ளைக்கெல்லாம் இது இருப்பதாகக் கொள்ளலாகாது. அடையாளங்கள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். 6 மாதமாவது நீடிக்க வேண்டும். இரண்டு இடங்களிலாவது காணவேண்டும். பள்ளிக்கூடத்தில் மட்டும் முரண்டு பிடித்தால் காரணம் அங்கே இருக்கலாம். நம் பிள்ளைகளில் பலருக்கு வீடு, பள்ளிக்கூடம், ஓதும் மதரஸா என மூன்றிடம் உண்டு. ஆசிரியரையும் உஸ்தாதையும் தனித்தனியே விசாரித்துப் பாருங்கள்.

இது வளர்ப்புக் குற்றமன்று. பெரும்பாலும் குடும்பவழியாக வருவது. மகனைக் காட்டப்போன தகப்பனாருக்கே இருப்பது தெரியவருவதுமுண்டு! பிரம்பை எடுத்தால் பிள்ளை பயப்படுவான். மறதி அப்படியே இருக்கும்.

சந்தேகமிருப்பின் சிங்கப்பூரில் பாலிகிளினிக்கிலும், மலேசியாவில் அரசாங்கக் கிளினிக்கிலும் காட்டி, நிபுணருக்குக் கடிதம் கேட்கலாம். கண்ணையும் காதையும் முதலில் சோதிப்பது நலம். சரியாகக் கேளாத பிள்ளையும் இப்படித்தான் தோன்றும். இரத்தத்தைச் சோதித்து ஏ.டி.எச்.டி.யைக் கண்டறிய இயலாது. பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதைக் கேட்டும், பிள்ளையைப் பார்த்துமே தீர்மானிக்கிறார்கள். ஆதலால் கடைக்கணக்குப் போல ஒரு நோட்டில் தேதியிட்டு நடந்ததை எழுதி வைப்பது பெரிதும் உதவும். நாமோ பகலெல்லாம் கடையில் இருக்கிறோம். பிள்ளையின் தாயார் பார்த்ததே அதிகமாயிருக்கும். அவரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.