ஜர்னல் இருந்தால் டேட்டா பத்திரமா?

நம்பிக்கை: லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் ஜர்னல் இருக்கிறது. டிஸ்கில் எழுதும்போது பிழை வந்தாலும் அது பார்த்துக்கொள்ளும்.

உண்மை: ஜர்னல் கைகொடுப்பது கரண்ட் போகும்போதும் மெஷின் நடுவில் நின்றுபோகும்போதும்தான். டிஸ்க்கே எழுத மறுத்தால் அதனால் எதையும் மீட்க முடியாது. வழக்கமான ‘ஆர்டர்டு’ முறையில் மெட்டாடேட்டா மட்டுமே ஜர்னலில் ஏறும். ஃபைலின் உள்ளடக்கம் ஏறாது. உள்ளடக்கத்தை எழுதுவதில் பிழை வந்தால் கர்னல் லாகில் ஒரு வரி விழும், ஃபைல் சிஸ்டம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ‘டேட்டா_எர்=அபார்ட்’ என்று மவுண்ட் செய்திருந்தால்தான் ஜர்னல் நிற்கும்.

நம்பிக்கை: மெமரியில் இருப்பதை டிஸ்கில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் தோற்றால், இன்னொரு முறை அழைத்தால் போதும்.

உண்மை: இதை நம்பித்தான் போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸ் பல ஆண்டுகள் ஓடியது. 2018-இல் குட்டு வெளிப்பட்டது. மெமரியில் இருக்கும் பக்கத்தை டிஸ்கில் எழுத முடியாமல் போனால், பிழையை ஒருமுறை சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை ‘எழுதியாயிற்று’ என்றே லினக்ஸ் குறித்துக்கொள்கிறது. இரண்டாவது எஃப்சிங்கிற்கு எழுத எதுவும் மிச்சமில்லை. அதனால் ‘வெற்றி’ என்று திரும்புகிறது. அந்த வெற்றியை நம்பி டேட்டாபேஸ் செக்பாயின்ட்டை முடித்துவிட்டால், டேட்டா போனது யாருக்கும் தெரியாது. என்னைப் பொறுத்தவரை, மெஷின் நின்றுபோவதைவிட இது மோசம். 2019 பிப்ரவரியில் வந்த 11.2 பதிப்பு முதல், எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, தன் லாகிலிருந்து மீண்டும் எழுகிறது. அதுதான் சரியான வழி.

நம்பிக்கை: பார்ட்டிஷன் திடீரென்று ரீட்-ஒன்லி ஆனால், ரீமவுண்ட் செய்துவிட்டு வேலையைத் தொடரலாம்.

உண்மை: ஜர்னலிலேயே எழுத முடியாதபோது ஈஎக்ஸ்டி4 அதைக் கைவிட்டு, மேற்கொண்டு எழுத விடாமல் பூட்டிக்கொள்கிறது. இருக்கும் கட்டமைப்பு குலையாமல் இருக்கத்தான் இந்தப் பூட்டு; ரீமவுண்ட் செய்து அதை உடைக்கப் பார்க்காதீர்கள். கெட்ட செக்டாரை டிஸ்க் பெரும்பாலும் தானே உதிரி இடத்துக்கு மாற்றிவிடும். அதையும் மீறிப் பிழை கர்னல் வரை வந்திருந்தால், உதிரி இடம் தீர்ந்திருக்கலாம், கேபிளோ கன்ட்ரோலரோ பழுதாகியிருக்கலாம்.

ஃபைல் சிஸ்டத்தைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே-வையும் உடனே ஓட்டாதீர்கள். அது பழுதான டிஸ்கிலேயே மேலும் எழுதும். டிமெஸ்க் லாகைப் பாருங்கள், ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள், எடுக்க முடிந்ததையெல்லாம் வேறு டிஸ்குக்கு நகலெடுங்கள். பழுதுபார்ப்பது அதற்குப் பிறகு, அதுவும் நகலின் மேல்.