ஃபேன் சுற்றினால் போதுமா, தம்பி?



மல்லசமுத்திரம் நூல் கடைக் கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக அணைவது பற்றி நீ எழுதிய சர்வீஸ் குறிப்பைப் படித்தேன். பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சைக் கம்பியையும் கருப்புக் கம்பியையும் சேர்த்தாய், ஃபேன் சுற்றியது, மீட்டர் 12.1 வோல்ட் காட்டியது. உடனே ‘எஸ்எம்பிஎஸ் ஓகே, மதர்போர்டு மாற்ற வேண்டும்’ என்று எழுதிவிட்டாய். அந்த ‘ஓகே’தான் எனக்குப் பொறுக்கவில்லை. லோடு ஏறும்போது 11.4க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்த்தாயா? ரிப்பிள், அதாவது வோல்டேஜின் நடுக்கம், எவ்வளவு? மீட்டர் சராசரியைத்தான் காட்டும். ரிப்பிள் 120 மில்லிவோல்ட் வரம்பைத் தாண்டிக் குதித்தாலும் அது 12.1 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்த எஸ்எம்பிஎஸ் எந்த வருஷத்தது என்றும் நீ எழுதவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. வருஷம் ஆக ஆக அதன் கெப்பாசிட்டர்களுக்குள் இருக்கும் திரவம் வற்றிக்கொண்டே வரும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி. நம் பக்கம் வெயில் போதாதென்று தறிப் பஞ்சு வேறு ஃபேனை அடைக்கிறது. ஷட்டவுன் செய்தாலும் சுவர் சுவிட்சை அணைக்காவிட்டால் ஊதாக் கம்பியின் 5 வோல்ட் ராத்திரியெல்லாம் உயிரோடுதான் இருக்கும். அந்தப் பகுதிக் கெப்பாசிட்டர்கள் முதலில் உப்புவதை எத்தனையோ பெட்டிகளில் பார்த்திருக்கிறேன்.

மலிவுச் சரக்கில்தான் இப்படி ஆகும் என்று எழுதியிருக்கிறாயே, அதுவும் தப்பு. டெல் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ் 270 போர்டுகளில் ஜப்பான் நிச்சிகான் கெப்பாசிட்டர்களே உப்பின. பழுது பார்க்க 2005இல் டெல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது.

ஒரு தப்பான ‘ஓகே’ என்ன செய்யும் தெரியுமா? 2012 மின்வெட்டில் கரன்ட் நாளெல்லாம் போவதும் வருவதுமாக இருந்தது. யாரோ ‘ஓகே’ எழுதிக் கொடுத்த பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு திருச்செங்கோட்டு மண்டி ஒன்றில் புது போர்டை மாட்டினார்கள். போர்டும் போனது, ஹார்ட் டிஸ்க்கும் போனது, இரண்டு வருஷக் கணக்கும் போனது. மண்டிக்காரப் பெரியவர் பழைய சிட்டைகளை விரித்துவைத்து உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவே இல்லை.

ஆனால், அந்தக் குறிப்பில் நீ கையால் வரைந்த 24 பின் கனெக்டர் படம்! நிறம், வோல்டேஜ், பின் எண் எதுவும் பிசகவில்லை. இந்தச் சுற்று வட்டாரத்தில் இவ்வளவு சுத்தமாக வரைந்த கையை நான் கண்டதில்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

போர்டுக்கு ஆர்டர் கொடுக்காதே. முதலில் கடைக்காரரிடம் கணக்கை பென்டிரைவில் எடுத்து வைக்கச் சொல். பிறகு நல்லதென்று தெரிந்த வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி, ஒரு வாரம் பில் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.