சீனத்து உண்டியல் கடைகளும் அவற்றின் சிப்பந்திகளும்

தந்தியும் ரயிலும் இல்லாத காலம். பல நாள் பயணத் தொலைவிலுள்ள கிளையில் பெட்டிச் சாவியை வைத்திருப்பவன் நாணயம் தவறினால் முதலாளி என் செய்வான்? 1911-ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முந்திய சீனத்தில், ஷான்ஸி மாகாணத்து வணிகர் இக்கேள்விக்குக் கண்ட விடை, வணிகவியல் பயிலும் நம் மாணவர் அறியத்தக்கது.

பிங்யாவ் நகரில் 1823-ஆம் ஆண்டளவில் ரிஷெங்சாங் என்னும் உண்டியல் கடை தோன்றிற்று. அதற்கு முன் அது சாயக் கடை! லீ குடும்பத்தார் முதலிட்டனர். லெய் லூதாய் நிர்வகித்தார். அன்றாட அலுவலில் முதலாளி தலையிடுவதில்லை.

வேலைக்கு வரும் இளைஞன் ஷான்ஸிக்காரனாயிருத்தல் வேண்டும், ஜாமீன்தாரரும் வேண்டும். தவறு நேர்ந்தால் பொறுப்பு ஜாமீன்தாரரையும் சாரும். எழுத்தும் மணிச்சட்டமும் கற்று மூன்றாண்டளவு எடுபிடியாயிருந்த பின்னரே அவன் முழுச் சிப்பந்தியாவான். வெளியூர்க் கிளைக்கு மனைவியை அழைத்துச் செல்லலாகாது. மூன்றாண்டு முடிந்தே ஊர் திரும்பலாம். பர்மாவில் நகரத்தார் கடைகளுக்கு மூன்றாண்டுத் தவணையில் சென்ற ஏஜெண்டுகளையும் பெட்டியடிப் பையன்களையும் நம்மவர் நினைவுகூரக்கூடும். ஊரில் இருந்த குடும்பம் ஒருவகைப் பிணையே. இக்கொடுமையை நாம் மறைத்தல் ஆகாது.

கட்டுப்பாட்டுடன் ஊக்கமும் இருந்தது. முதலிட்டோர்க்கு ‘வெள்ளிப் பங்கு’. உழைத்தோர்க்கு ‘ஆள் பங்கு’. ஒரு முழுப் பங்கைப் பத்துக் கூறாக்கி, தகுதி பெற்றவனுக்கு ஒன்றிரண்டு கூறு முதலில் தருவர். தலைமை நிர்வாகி ஒரு முழுப் பங்கு வரை பெறுவார். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கு முடித்து இலாபம் பகிர்வர். இறந்தவர் குடும்பத்துக்கும் சில ஆண்டுகள் பங்கு சென்றது. ஆள் பங்கை விற்கவோ, மகனுக்கு எழுதி வைக்கவோ இயலாது.

இதில் ஒரு விந்தை விளைந்தது. ச்சியாவ் குடும்பத்தாரின் தாதெதோங் கடையில் வெள்ளிப் பங்கு 20. ஆள் பங்கோ, 1889-இல் ஏறத்தாழ 10. 1908-இல் ஏறத்தாழ 24! முதலாளிகளைவிட உழைப்பாளிகளே இலாபத்தில் பெரும்பகுதி பெற்றனர்.

ஆனால் நட்டம் வந்தால்? ஆள் பங்குக்காரருக்குக் கடன் பொறுப்பு இல்லை. முதலிட்டோர்க்கோ அது வரம்பற்றது. 1908-இல் லீ ஹோங்லிங் என்னும் பீகிங் கிளை நிர்வாகி, கடைகள் ஒன்றுகூடிப் புதுமுறைப் பாங்கு அமைக்க வேண்டினார். தலைமை நிர்வாகி மாவ் ஹோங்ஹான் மறுத்துவிட்டார். புரட்சியில் கிளைகள் சூறையாடப்பட்டன. கொடுத்த கடன் திரும்பவில்லை. 1914-இல் ரிஷெங்சாங் முறிந்தது. கடன்காரர் தேடி வந்தது லீ குடும்பத்து வாசலை.