எழுதப் புகுமுன் இடம் தேர்

நுழையுமுன்

நாம் தெலுங்கு வழங்கும் மண்ணில் வாழ்கிறோம். வகுப்பறையில் ஆங்கிலமும் இந்தியும், கடைத்தெருவில் தெலுங்கும், வீட்டில் தமிழும் பேசுகிறோம். விருப்பப் பாடமாகத் தமிழ் பயிலும் உங்களுக்கு அதை எழுதிப் பழகும் வாய்ப்பு வகுப்பு நேரத்திற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அவ்வாய்ப்பைப் பெருக்கும் வழிகளுள் ஒன்று, சொந்தமாக வலைப்பூ ஒன்றைத் தொடங்கி எழுதுவது. அதற்குரிய தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் கூறுகிறது.

செம்பில் நிலைத்த சொற்கள்

திருப்பதியில் வாழும் நீங்கள் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளைக் கேட்காமல் இருந்திருக்க இயலாது. அவர் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் பாடிய தெலுங்குப் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலின் சிற்றறை ஒன்றில் வைக்கப்பட்டன. பின்னர் நெடுங்காலம் அவற்றை எடுத்துப் படிப்பார் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் அவ்வேடுகள் வெளிக்கொணரப்பட்டு, நூல்களாக அச்சேறின. இன்று அப்பாடல்கள் தென்னாடெங்கும் ஒலிக்கின்றன.

இச்செய்தி இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. எழுதப்பட்ட பொருள் உறுதியாக இருந்ததால் பாடல்கள் அழியவில்லை. ஆயினும், படிப்பார் கைக்கு எட்டும்வரை அவை மக்களிடம் பரவவும் இல்லை. எழுத்து நிலைக்கவும் வேண்டும். உரியவரைச் சென்று சேரவும் வேண்டும். எழுதும் இடத்தைத் தேர்வதில் கவனம் தேவைப்படுவது இதனால்தான்.

வலைப்பூ என்பது யாது?

நாட்குறிப்பைப் போல நாள்வாரியாக இணையத்தில் எழுதப்படும் பதிவுகளின் தொகுப்பே வலைப்பூ. புதிய பதிவு மேலே நிற்கும். பழையன கீழே வரிசையாக அமையும். தமிழில் 2003ஆம் ஆண்டு தொடங்கி வலைப்பூக்கள் பெருகின. அவற்றில் வரும் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் 'தமிழ்மணம்' என்னும் திரட்டியைக் காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கினார். அமெரிக்கா, சிங்கப்பூர், இலங்கை, ஐரோப்பா எனப் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் ஒருவர் எழுத்தை ஒருவர் படித்தனர். ஊரைவிட்டு விலகி வாழ்ந்தோர் தமிழோடு நெருங்கியிருக்க அது துணைசெய்தது. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் உங்களுக்கும் அது பொருந்தும்.

கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

தளத்தைத் தேரும்போது பலரும் அதன் வண்ணத்தையும் வடிவத்தையுமே முதலில் பார்க்கின்றனர். அவற்றைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். முதலில் கேட்கவேண்டியவை வேறு.

முதற்கேள்வி: இன்றே தமிழில் எழுதத் தொடங்க முடியுமா? பணம் கட்டாமலும் கணினி நுட்பம் கல்லாமலும் ஒருவர் முதற்பதிவை வெளியிட முடிய வேண்டும். எழுதுவது ஒருங்குறியில் அமைய வேண்டும். ஒருங்குறி என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் பொதுக் குறிமுறை. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது.

அதன் அருமையை நான் பட்டு அறிந்தேன். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எழுதிய சில கட்டுரைகளைப் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சிட்டு வைத்திருந்தேன். ஆண்டுகள் கழித்து, பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் வந்தபின் வேறொரு கணினியில் திறந்தேன். திரையில் தமிழே இல்லை; பொருளற்ற குறிகளே நிறைந்திருந்தன. அவ்வெழுத்துரு இருந்த கணினியில் மட்டுமே அது தமிழாகத் தெரியும். உங்களுக்கு அத்துன்பம் வேண்டா. 'தமிழ்99' விசைப்பலகையோ, 'அம்மா' என்பதை ஒலிப்பின்படி தட்டும் விசைப்பலகையோ எதைப் பயன்படுத்தினாலும், எழுதுவது ஒருங்குறியே என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் கேள்வி: யார் படிக்கலாம் என்பதை நான் முடிவுசெய்ய இயலுமா? காட்பாடியில் இருக்கும் பாட்டி உங்கள் பதிவைப் படிக்க வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் உங்கள் வீட்டு முகவரியை அறியக் கூடாது. இந்திய அரசின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாதவரைக் குழந்தை என்றே வரையறுத்து, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவைக் கட்டாயமாக்குகிறது. ஆதலால் பெற்றோர் அறியாமல் எத்தளத்திலும் கணக்குத் தொடங்காதீர்கள்.

மூன்றாம் கேள்வி: எழுதியவற்றை எடுத்துச் செல்ல முடியுமா? பெற்றோருக்குப் பணிமாற்றம் வந்தால், மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு வேறு பள்ளியில் சேர்கிறோம் அல்லவா? அச்சான்றிதழ் இல்லையேல் படித்த படிப்பைக் காட்ட வழியின்றித் தடுமாறுவோம். வலைப்பூவிற்கும் அத்தகைய சான்றிதழ் வேண்டும். எழுதிய அனைத்தையும் ஒரே கோப்பாகப் பதிவிறக்கிக்கொள்ளும் வசதியே அது. இணையத் தளங்கள் என்றும் நிலைப்பன அல்ல. இலட்சக்கணக்கானோர் சொந்தப் பக்கங்கள் அமைத்திருந்த 'ஜியோசிட்டீஸ்' 2009இல் மூடப்பட்டது. இந்தியரிடையே பெரிதும் புழங்கிய 'ஆர்குட்' 2014இல் மூடப்பட்டது. படியெடுத்து வைத்தவர்களின் எழுத்தும் படங்களும் அவர்களிடம் எஞ்சின. மற்றவர் பலர் இழந்தனர்.

தளங்களை ஒப்பிடுவோம்

பிளாகர்: 1999இல் தொடங்கப்பட்டு, 2003இல் கூகுள் நிறுவனத்தின் உடைமையாயிற்று. கட்டணம் இல்லை. கூகுள் கணக்கு இருந்தால் சில நிமிடங்களில் தொடங்கலாம். எல்லாருக்கும், அழைக்கப்பட்டவர்க்கு மட்டும், எழுதியவர்க்கு மட்டும் என வாசகரை வரையறுக்க அமைப்பு உண்டு. பின்னூட்டங்களை நாம் பார்த்து ஒப்பிய பின்னரே வெளியாகும்படி செய்யலாம். முழுக் காப்புப் படியையும் பதிவிறக்கலாம். குறைகளும் உண்டு: அழைக்கப்பட்டவர் தம் கூகுள் கணக்கின் வழியே நுழைய வேண்டும், தோற்ற அமைப்புகள் சற்றே பழமையானவை.

வேர்ட்பிரஸ்: 2003இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகியோர் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். இது இரு வகையில் கிடைக்கிறது. வேர்ட்பிரஸ் டாட் காம் தளத்தில் கணக்குத் தொடங்கி இலவசமாக எழுதலாம். அதில் விளம்பரங்கள் தோன்றும். மற்றொரு வகையில், மென்பொருளைப் பெற்று, வழங்கியிடத்திற்கும் முகவரிக்கும் நாமே ஆண்டுதோறும் பணம் செலுத்தி நிறுவ வேண்டும். அதில் உரிமை மிகுதி. பராமரிக்கும் பொறுப்பும் மிகுதி. பதிவுகளைக் கோப்பாக எடுக்கும் வசதி இதிலும் உண்டு. பிளாகரில் எழுதியவற்றை இங்குக் கொண்டுவந்து சேர்க்கவும் இயலும்.

முகநூல் போன்ற சமூக ஊடகங்கள்: உங்கள் பெற்றோர் பலர் இவற்றில் எழுதுகின்றனர். உறவினர் ஏற்கெனவே அங்கு இருப்பதால் உடனே படிப்பர். ஆயினும் புதிய பதிவுகள் பழையவற்றை விரைவில் தள்ளிவிடுகின்றன. கடந்த ஆண்டு எழுதியதைத் தேடி எடுப்பது எளிதன்று. வாழ்த்தும் செய்தியும் பகிர அவை ஏற்றவை. எழுத்தைத் தொகுத்து வளர்க்க ஏற்றவை அல்ல.

என் பரிந்துரை

தொடக்கநிலை மாணவர்க்குப் பிளாகரே பொருத்தமானது என்பது என் கருத்து. மூன்று கேள்விகளுக்கும் அது 'ஆம்' என்று விடையளிக்கிறது. பின்னாளில் எழுத்து வளர்ந்து, தோற்றத்திலும் உரிமையிலும் கூடுதல் வேண்டுமெனில் வேர்ட்பிரசுக்கு மாறலாம். மாறும்போது பழைய பதிவுகளும் உடன்வரும்.

ஆனால் முதல் மாதம் குறிப்பேட்டில் எழுதுங்கள். வாரம் ஒன்றாக நான்கு பதிவுகள் சேர்ந்தபின், தந்தை அல்லது தாயின் கணக்கில், அவர் அருகிலிருக்க, வலைப்பூவைத் தொடங்குங்கள். அழைக்கப்பட்டவர் மட்டும் படிக்கும்படி அமையுங்கள். பள்ளியின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், கடவுச்சொல் ஆகியவற்றை எங்கும் எழுதாதீர்கள். பிறர் படத்தை அவர் இசைவின்றி இடாதீர்கள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் காப்புப் படி ஒன்றைப் பதிவிறக்கி வையுங்கள்.

எதை எழுதுவது என்று மயங்க வேண்டா. சந்திரகிரிக் கோட்டைக்குச் சென்ற நாள், காளத்தியில் மூங்கில் எழுதுகோலால் துணியில் தீட்டப்படும் கலம்காரி ஓவியம், சித்தூர் மாம்பழப் பருவத்தில் சாலையில் நிற்கும் லாரிகள், பாட்டி வீட்டுக்குச் செல்லும் காட்பாடித் தொடர்வண்டி ஆகிய எல்லாம் எழுதத் தக்கனவே. இம்மண்ணில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு மட்டுமே தெரிந்தவை பல உள்ளன. தமிழ்நாட்டில் இருக்கும் உங்கள் உறவினர் அவற்றை அறியார். பிழையின்றி எழுத வந்தபின் தொடங்கலாம் என்று காத்திராதீர்கள். 'ழ'கரமும் 'ள'கரமும் மாறினாலும் பாட்டிக்குப் பொருள் விளங்கும். பிழையைத் திருத்த ஆசிரியர் இருக்கிறோம். எழுதாமல் விட்ட நாளைத் திருத்தித் தர எவராலும் இயலாது.

அருஞ்சொற்பொருள்

செப்பேடு – செம்புத் தகட்டாலான ஏடு
இசைவு – ஒப்புதல்
பின்னூட்டம் – படித்தவர் எழுதும் கருத்து
திரட்டி – பல பதிவுகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டும் தளம்
கட்டற்ற மென்பொருள் – எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
1. அன்னமாச்சாரியாரின் பாடல்கள் அழியாமல் இருந்தமைக்குக் காரணம் என்ன?
2. ஒருங்குறி என்பது யாது?
3. வேர்ட்பிரஸின் இரு வகைகளுக்கும் உள்ள வேறுபாடு என்ன?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. காப்புப் படியை மாற்றுச் சான்றிதழோடு ஒப்பிடுவது பொருத்தமா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. ஆசிரியரின் பரிந்துரையை நீங்கள் ஏற்கிறீர்களா? மறுப்பின் காரணம் கூறுக.

இ. பிரித்து எழுதுக.
செப்பேடு, வலைப்பூ, கடவுச்சொல், எழுதுகோல்

ஈ. மொழியோடு விளையாடு
'ஊர் – ஊரு', 'பால் – பாலு' போலத் தமிழிலும் தெலுங்கிலும் ஒத்து வழங்கும் ஐந்து சொற்களை வீட்டாரிடம் கேட்டு எழுதுக.

உ. செயல்திட்டம்
நீங்கள் தொடங்கவிருக்கும் வலைப்பூவிற்கு ஒரு தமிழ்ப் பெயர் சூட்டுக. அதன் முதற்பதிவைப் பத்து வரிகளில் குறிப்பேட்டில் எழுதுக. அதைத் தமிழ்நாட்டில் உள்ள உறவினர் ஒருவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டி, அவர் கூறிய கருத்தைக் கீழே குறித்து வருக.