மலை ஏற எலெக்ட்ரிக் சைக்கிள்: 45,000 ரூபாய் போடும் முன் ஒரு கணக்கு

எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாமான்னு கேட்பவர்களில் பாதிப் பேர் ஆபீஸ் போகக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரைச் சுற்றி மலைப்பக்கம் ஜாலியா ஒரு ரவுண்டு போகணும், மூச்சு வாங்கக் கூடாது, இடுப்பு வலிக்கக் கூடாது, இவ்வளவுதான் ஆசை. நியாயமான ஆசை. ஆனா கடையிலும் விளம்பரத்திலும் சொல்லும் நம்பர்கள் எல்லாம் சமதளத்துக்கானவை. மலை வந்ததும் கணக்கு மாறும். பேட்டரிக் கணக்கும் மாறும், பாக்கெட் கணக்கும் மாறும்.

உதாரணத்துக்குப் பொதட்டூர்பேட்டையை எடுத்துக்குவோம். தறிச் சத்தம் கேட்கும் ஊர், ஆந்திர எல்லை பக்கம், சுற்றிலும் குன்றுகள். அங்கே வீடு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, கையில் வருவது மாதம் 28,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்க. வாராவாரம் திருத்தணி மலைக்கோயில் வரை போய்வர ஆசை. போக வர 40 கிலோமீட்டர்னு வைப்போம்.

முதலில் மோட்டார். எந்த பிராண்டைப் பார்த்தாலும் 250 வாட் என்றே எழுதியிருக்கும். காரணம் சட்டம். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் ஆகாது. லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் எதுவும் கட்டாயம் இல்லை. அதனால் வாட்டை வைத்து இரண்டு சைக்கிளை ஒப்பிட முடியாது. கேட்க வேண்டியது டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை. நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள்.

இதைப் புரிஞ்சுக்க ஃபிசிக்ஸ் புத்தகம் வேண்டாம். 10 சதவீத ஏற்றம் என்றால் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு உங்களைப் பின்னால் இழுக்கும். நீங்க 75 கிலோ, சைக்கிள் 25 கிலோ, பை, தண்ணீர், பூட்டு எல்லாம் 5 கிலோ. மொத்தம் 105. அப்போ பின்னால் இழுப்பது 10.5 கிலோ. 35 நியூட்டன் மீட்டர் மோட்டார் ஒன்று, 27.5 இன்ச் சக்கரத்தில், ஏறக்குறைய 10 கிலோ விசையோடு உங்களைத் தள்ளும். புரியுதா? மோட்டாரை மட்டும் நம்பினால் அந்த ஏற்றத்தில் கிட்டத்தட்ட நின்றுவிடும். 45 நியூட்டன் மீட்டர் மோட்டாராக இருந்தாலும், 250 வாட்டில் தனியாக ஏறும்போது வேகம் 8 கிலோமீட்டர்தான் வரும். நீங்க நிதானமா ஒரு 100 வாட் அளவுக்கு மிதித்தால் 11 ஆகும். சாயங்கால வாக்கிங் போகும் மனுஷனுக்கு 100 வாட் பெரிய விஷயம் இல்லை. 5, 6 சதவீத ஏற்றத்தில் இந்தப் பிரச்சினையே வராது.

ஆக மலைப்பக்கம் போகிறவருக்கு என் கருத்து: 35 நியூட்டன் மீட்டருக்குக் குறைந்தால் வேண்டாம், 40க்கு மேல் இருந்தால் நிம்மதி. கூடவே கியர் கட்டாயம். நம்ம பட்ஜெட்டில் கிடைப்பவை பெரும்பாலும் பின் சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் உள்ளவை. அந்த மோட்டாருக்குச் சைக்கிளின் கியர் உதவாது, உங்க காலுக்குத்தான் உதவும். கியர் இல்லாத மாடலில் ஏற்றத்தில் கால் சுற்றவே சுற்றாது. மோட்டார் தனியாகத் திணறும். வேகம் 6, 7க்கு இறங்கும். கரன்ட் எல்லாம் சூடாகப் போகும். பார்க்க ஸ்டைலா இருக்கும் சிங்கிள் ஸ்பீடு மாடல்கள் நகரத்துக்குச் சரி. மலைக்கு 7 கியராவது இருக்கட்டும், பின்னால் உள்ள பல்சக்கரங்களில் பெரியது 28 பல்லாவது இருக்கட்டும். எண்ணிப் பாருங்க, கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். மிதிகட்டை இருக்கும் இடத்திலேயே மோட்டார் உள்ள மிட் டிரைவ் மாடல்கள் ஏற்றத்துக்கு அருமையானவை, மோட்டாரும் கியர் வழியாக வேலை செய்யும். ஆனா விலை பொதுவா லட்சத்தைத் தாண்டும். 28,000 சம்பளத்தில் வாரம் ஒருநாள் பொழுதுபோக்குக்கு அது தேவை என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போ பேட்டரி. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். "60 கிலோமீட்டர் ரேஞ்ச்" என்ற வார்த்தையை அப்படியே ஓரமா வைங்க. வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்குங்க. 36 வோல்ட், 5.8 ஆம்பியர்-ஹவர் என்றால் சுமார் 209 வாட்-ஹவர். 7.8 என்றால் 281. 10.4 என்றால் 374. இதுதான் உங்க டேங்க் சைஸ்.

செலவுக் கணக்கு இரண்டே வரி. சமதளத்தில் மிதமான அசிஸ்ட்டில் கிலோமீட்டருக்கு 7 வாட்-ஹவர் வைப்போம். மேலே ஏறும் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக 40 வாட்-ஹவர். 105 கிலோவை 100 மீட்டர் தூக்க 29 வாட்-ஹவர் வேணும். மோட்டாரில் சூடாகப் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் 40 வரும்.

திருத்தணிக்குப் போட்டுப் பார்ப்போம். கோயிலுக்கு 365 படி. ஒரு படி அரை அடி என்றால் மொத்த உயரம் 55, 60 மீட்டர்தான். வண்டி போகும் மலைப்பாதையில் ஏறினாலும் அதே உயரம்தான். அதுக்கு 25 வாட்-ஹவர் போதும். மலை நம்மைப் பயமுறுத்துதே தவிர, பேட்டரியைத் தின்பது அந்த 40 கிலோமீட்டர் ரோடுதான்: 280 வாட்-ஹவர். கூட்டினால் 305. 209 பேட்டரி பாதி திரும்பும்போதே கை விரிக்கும். 281 பேட்டரி ஊர் எல்லை வரை வந்து நிற்கும். 374 தான் சரி. அதுவும் மூன்று வருஷத்தில் பேட்டரி பழசாகி 80 சதவீதத்துக்கு வந்தால் கையில் இருப்பது 299. அப்போ அசிஸ்ட்டைக் குறைத்து கொஞ்சம் கூடவே மிதிக்கணும். பேட்டரி தீர்ந்த 25 கிலோ சைக்கிளை மிதிப்பது எப்படி இருக்கும்னு கற்பனை பண்ணிக்குங்க.

இதே கணக்கை ஏற்காட்டுக்குப் போடுங்க. 20 கொண்டை ஊசி வளைவு, அடிவாரத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் ஏற்றம். உயரத்துக்கு மட்டுமே 400 வாட்-ஹவர். பாதியை உங்க கால் கொடுத்தால்தான் 374 பேட்டரி மேலே போய்ச் சேரும். வருஷத்துக்கு ஒருமுறை ஏற்காடு போவதற்காகப் பெரிய பேட்டரி வாங்க வேண்டாம். அங்கேயே வாடகைக்குக் கிடைக்குதான்னு முதலில் பாருங்க.

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். இறங்குவதை யாரும் கேட்பதில்லை. இந்த வகை மோட்டார்களில் பெரும்பாலானவை இறங்கும்போது பேட்டரியை சார்ஜ் பண்ணாது, வேகத்தையும் பிடிக்காது. 105 கிலோவையும் பிரேக்தான் தாங்கணும். அதனால் முன், பின் இரண்டிலும் டிஸ்க் பிரேக் இல்லாத மாடலை மலைப்பக்கம் யோசிக்கவே வேண்டாம். ஹைட்ராலிக் என்றால் விரல் வலிக்காது, ஆனா விலை ஏறும். ஆடிக் கிருத்திகை மாதிரி கூட்ட நாளில் மலைப்பாதைப் பக்கமே சைக்கிளோடு போகாதீங்க, அது வேற விஷயம்.

சொகுசு என்பது சீட் மட்டும் இல்லை. கையைக் கொஞ்சம் மேலே வைத்து நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில்பார், உங்க உயரத்துக்கு ஏற்ற ஃபிரேம் சைஸ், 2.1 இன்சுக்கு மேல் அகலமான டயர், இந்த மூன்றும் சரியாக இருந்தால் முதுகு வலி பாதி போயிடும். முன்னால் உள்ள மலிவான சஸ்பென்ஷன் நல்ல டயர் செய்யும் வேலையைக்கூடச் செய்யாது. 4 இன்ச் ஃபேட் டயர் போட்டோவுக்கு அழகு, ஆனா ரோட்டில் இழுவை அதிகம். டெஸ்ட் ரைடு கேட்டால் கடை வாசலில் ஒரு வட்டம் சுற்ற விடுவார்கள். அது போதாது. மேம்பாலமும் போதாது, அதன் ஏற்றம் பொதுவா 3 முதல் 5 சதவீதம்தான். பக்கத்தில் ஏதாவது காம்ப்ளக்ஸின் அண்டர்கிரவுண்டு பார்க்கிங் ராம்ப் இருந்தால், செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டுவிட்டு அதில் நின்ற இடத்திலிருந்து ஏறிப் பாருங்க. பல ராம்ப்கள் 10 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

சரி, காசுக்கு வருவோம். சைக்கிள் 42,000. ஹெல்மெட், பூட்டு, லைட், பம்ப், பஞ்சர் கிட் 3,500. மொத்தம் 45,500. வருஷத்துக்கு சர்வீஸ், பிரேக் பேட், டயர் என்று 2,000 வைத்தால் நான்கு வருஷத்தில் 8,000. கடைசியில் 10,000 ரூபாய்க்கு விற்கிறீங்கன்னு வைப்போம். நிகரச் செலவு 43,500. ஒரு சார்ஜுக்கு அரை யூனிட்கூட ஆகாது. யூனிட் 8 ரூபாய் வைத்தாலும் 4 ரூபாய். அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

மழை, வெயில், கல்யாணம், ஓவர்டைம் எல்லாம் போக வருஷத்துக்கு 35 ஞாயிறு போனால் நான்கு வருஷத்தில் 140 ரைடு. ஒரு ரைடுக்கு 310 ரூபாய். வருஷத்துக்கு 10 முறைதான் போவேன் என்றால்? ரைடுக்கு 1,000 ரூபாயைத் தாண்டும். அதே 40 கிலோமீட்டரை ஸ்கூட்டரில் போனால் பெட்ரோல் 90 ரூபாய்தான். அதனால் "பெட்ரோல் மிச்சம்" என்று வீட்டில் சொல்லி வாராந்திர சுற்றலுக்கு இதை வாங்காதீங்க, அம்மா கணக்கு கேட்டால் மாட்டிக்குவீங்க. அரைநாள் சந்தோஷத்துக்கு 310 ரூபாய் என்று நேராகச் சொல்லுங்க, அது எனக்கு நியாயமான விலையாத்தான் தெரியுது. தினமும் பஸ் ஸ்டாப் வரை 3 கிலோமீட்டர் போய்வரவும் இதையே பயன்படுத்தினால், வேலை நாட்களில் வருஷத்துக்குச் சுமார் 3,300 ரூபாய் பெட்ரோல் நிஜமாகவே மிச்சம். அப்போ ரைடு கணக்கு 216க்கு இறங்கிடும்.

இஎம்ஐ வேண்டாம் என்பது என் கட்சி. "நோ காஸ்ட்" என்று கிரெடிட் கார்டில் 9 மாதம் போட்டாலும், வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில்தான். 15 சதவீத வட்டியில் அது 450 ரூபாய் வரும். ப்ராசஸிங் ஃபீ சேர்த்தால் 700 வரை போகும். ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் போச்சு. மாதம் 4,500 வீதம் 10 மாதம் ஆர்டி போடுங்க. பத்து மாதம் கழித்தும் ஆசை இருந்தால் அது உண்மையான ஆசை. எலெக்ட்ரிக் வாகனக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை இருக்கேன்னு சிலர் சொல்வார்கள். அந்த 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான். இப்போ புதுசா வாங்குகிறவருக்குக் கிடையாது. ஜிஎஸ்டி மட்டும் 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம், அது விலையிலேயே சேர்ந்திருக்கும். தனியா லித்தியம் பேட்டரி மாற்றும்போது 18 சதவீதம், அதையும் மனசில் வைங்க.

"ப்ரோ, ஒரு வயரைக் கழட்டினா 40ல போகும்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்க. 25ஐத் தாண்டும் நொடியில் அது சட்டப்படி மோட்டார் வாகனம். ரிஜிஸ்ட்ரேஷன் இல்லை, தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் இல்லை. ஒருவர் மேல் மோதி அவருக்குக் கால் முறிந்தால், இழப்பீடு மொத்தமும் உங்க கையிலிருந்துதான். 28,000 சம்பளக்காரரின் பத்து வருஷச் சேமிப்பு ஒரு கேஸில் போகலாம். இது மத்திய அரசின் விதி. நகரி பக்கம் எல்லை தாண்டினாலும் மாறாது.

கடையில் பணம் கட்டும் முன் இன்னும் மூன்று கேள்வி. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போக முடியுமா? பேட்டரி வாரன்டி எத்தனை வருஷம், புது பேட்டரி இன்றைய தேதியில் எவ்வளவு? விலையை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்க, 12,000க்குக் கீழே சொன்னால் மறுபடியும் கேளுங்க. கன்ட்ரோலர் போனால் சரிசெய்யும் சர்வீஸ் சென்டர் எந்த ஊரில்? பஞ்சரை உள்ளூர் சைக்கிள் கடைக்காரர் பார்த்துக்குவார், பின் சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனரும் வயர் கனெக்டர் எங்கே இருக்கு என்ற விவரமும் உங்களிடம் இருந்தால் போதும்.

கோடையில் 40 டிகிரி செய்தி வரும்போதெல்லாம் திருத்தணி பெயர் வருவதைப் பார்த்திருப்பீங்க. லித்தியம் பேட்டரிக்கு அந்த வெயில் ஆகாது. தகரக் கூரைக்கு அடியில் விடாதீங்க, மலை ஏறி இறங்கிய சூட்டோடு சார்ஜில் போடாதீங்க, ஒரு மணி நேரம் ஆறட்டும். மே மாதம் முழுக்க சைக்கிளை எடுக்கப்போவதில்லை என்றால், பேட்டரியைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே சார்ஜில் வைத்து, கழற்றி, வீட்டிலேயே குளுமையான மூலையில் வையுங்க. மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி அதே அளவுக்கு ஏற்றினால் சரி.