காலப்பயணக் கதாநாயகன் செய்தது சரியா? – ஒன்பதாம் வகுப்பில் ஒரு விவாதப் பாடம்

ஒன்பதாம் வகுப்புத் தமிழில் துணைவினைகள் நடத்தும்போது ‘இரு’ என்ற துணைவினை எளிதாகவே புரிந்துவிடுகிறது. வந்திருக்கிறான், படித்திருக்கிறாள் என்று மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். ‘வந்திருந்தால்’, ‘படித்திருந்தால்’ என்று வரும்போதுதான் சிக்கல். வாக்கியத்தைத் தொடங்குவார்கள், முடிக்க மாட்டார்கள். “மழை பெய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்” என்று ஒரே வாய்பாட்டில் முப்பது நோட்டுகளும் வரும். யாருக்கு நன்றாக இருந்திருக்கும், எதனால், யாருக்கு நன்றாக இருந்திருக்காது என்பதெல்லாம் எழுத்தில் வருவதில்லை.

இதே மாணவர்கள் மதிய உணவு இடைவேளையில் சினிமாவைப் பற்றிச் சண்டை போடும்போது இந்த வாக்கியங்களை வெகு அழகாகப் பயன்படுத்துகிறார்கள். “அவன் அன்னைக்கே சொல்லியிருந்தா இவன் செத்திருக்க மாட்டான்டா” என்பது பேச்சுத் தமிழில் பிழையற்ற, சிக்கலான ஒரு தொடர். காலப்பயணக் கதைகள் முழுக்க முழுக்க இந்த ‘இருந்தால்’ மீதே நிற்கின்றன. சின்ன காஞ்சிபுரத்தில் என் வகுப்பில் மூன்று பாடவேளைகளை இதற்கென ஒதுக்கிப் பார்த்ததில் கிடைத்ததைச் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். சினிமாவைப் பாடமாக்குவதா என்று கேட்பவர்கள் உண்டு. நாம் பாடமாக்குவது சினிமாவை அல்ல, மாணவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வாதத்தை.

முதல் பாடவேளையில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எந்தக் கதையில் என்ன விதி? ரவிக்குமார் இயக்கி 2015இல் வந்த ‘இன்று நேற்று நாளை’யில் 2065இலிருந்து வரும் இயந்திரத்தைக் கொண்டு நண்பர்கள் இருவர் தொலைந்த பொருள்களைக் கண்டுபிடித்துக் காசு பார்க்கிறார்கள். கடந்த காலத்தில் அவர்கள் போய் நின்றதாலேயே, செத்திருக்க வேண்டிய ரவுடி ஒருவன் பிழைத்துக்கொள்கிறான். நிகழ்காலம் மாறிவிடுகிறது. வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) வேறு மாதிரி. அப்துல் காலிக் செத்தால் அந்த நாள் மறுபடியும் தொடங்கும். உலகம் எல்லாவற்றையும் மறந்துவிடும். அவனுக்கும் காவல் அதிகாரி தனுஷ்கோடிக்கும் மட்டும் நினைவு மிஞ்சும். மார்வெல் தொடர்வரிசையின் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ (2019) சொல்வது இன்னொன்று: இறந்த காலத்துக்குப் போய் எதை மாற்றினாலும் உன்னுடைய நிகழ்காலம் மாறாது.

விதியைப் பேசாமல் நாயகன் செய்தது சரியா தவறா என்று பேசினால் வகுப்பு இரைச்சலாகிவிடும். விதி மாறினால் நியாயமும் மாறுகிறது என்பதை ஒரு மாணவியே கண்டுபிடித்தாள். “ஐயா, மாநாட்டில் நாள் திரும்ப ஆரம்பிச்சிடும்னு தெரிஞ்சதால, அந்தத் தடவை செத்தவங்க கணக்கில வரமாட்டாங்களா? அவங்களுக்கு வலிச்சிருக்கும்ல?” இதற்கு நான் பதில் சொல்லவில்லை. கரும்பலகையில் எழுதி வைத்தேன். அறிவியல் ஆசிரியர் இந்த இடத்தில் வந்து பத்து நிமிடம் பேசினால் நல்லது. பின்னோக்கிப் போவது கதைதான். ஆனால் காலம் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பது ஐன்ஸ்டைன் சொன்ன உண்மை. கைப்பேசியில் வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ வினாடி முந்துகின்றன; அதைச் சரிசெய்துதான் நமக்கு வழி சொல்கின்றன.

விவாதத்துக்கு நான் எடுத்துக்கொண்டது எண்ட்கேமில் டோனி ஸ்டார்க் வைக்கும் நிபந்தனையை. தானோஸ் உயிர்களில் பாதியை அழித்துவிட்டான். ஐந்தாண்டுகள் கழித்து அவர்களை மீட்க வழி கிடைக்கிறது. அந்த ஐந்தாண்டில் டோனிக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். மறைந்தவர்களை இன்றைக்கு வரவழையுங்கள், ஆனால் இந்த ஐந்தாண்டுகளை அழிக்காதீர்கள் என்கிறான். கதையில் அப்படியே நடக்கிறது.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒரு தரப்பு: அது சுயநலம். கணவன் போய்விட்டான் என்று மறுமணம் செய்துகொண்டவளின் வீட்டு வாசலில் அவன் ஐந்து வருடம் கழித்து வந்து நின்றால்? தம்பி அண்ணனைவிட மூத்தவன் ஆகியிருந்தால்? ஒருவனுடைய மகளுக்காக உலகமே ஐந்து வருடத்தை இழக்கலாமா? மறுதரப்பு: அந்த ஐந்தாண்டில் பிறந்த குழந்தை அவள் ஒருத்திதானா? மற்ற குழந்தைகளையும் சேர்த்துத்தானே அவன் காப்பாற்றினான்?

இருபது நிமிடம் ஆனதும் தரப்புகளை மாற்றிவிட்டேன். சுயநலம் என்றவர்கள் இப்போது டோனிக்காகப் பேச வேண்டும். இந்த ஒரு மாற்றம் செய்கிற வேலையை வேறெதுவும் செய்வதில்லை. அதுவரை எதிராளி சொன்னதைக் காதில் வாங்காதவன், தன் வாதத்துக்கு அதுவே தேவைப்படும்போது பக்கத்துப் பெஞ்சிடம் போய், “நீ என்னமோ சொன்னியே, அதைத் திரும்பச் சொல்லு” என்கிறான்.

“சரியான விடை என்ன?” என்று கடைசியில் கேட்பார்கள். அதே படத்தின் முடிவில் ஸ்டீவ் ரோஜர்ஸ் இறந்த காலத்திலேயே தங்கித் தன் காதலியோடு வாழ்ந்து, கிழவராக வந்து உட்கார்கிறார். அவர் வாழ்ந்தது வேறொரு காலக்கிளையில் என்றார்கள் படத்தை இயக்கிய ரூசோ சகோதரர்கள். இல்லை, இதே உலகில்தான் என்றார்கள் கதை எழுதிய மார்க்கஸும் மெக்ஃபீலியும். படைத்தவர்களுக்கே ஒத்த கருத்தில்லை என்று தெரிந்ததும் வகுப்பில் ஒரு நிம்மதி வந்தது. விடைக்குறிப்பு இல்லாத கேள்விகள் நம் மாணவர்களுக்கு அரிதாகவே கிடைக்கின்றன.

படத்திலிருந்து ஊருக்கு வருவது காஞ்சியில் எளிது. 642 வாக்கில் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியரின் வாதாபியைப் பிடித்தான். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்துச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழிவாங்க அவனுக்குக் காரணம் இருந்தது, படையும் இருந்தது. ஆனால் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக அந்தக் கோயிலின் முன்மண்டபத் தூணிலேயே கன்னடத்தில் கல்வெட்டு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயிலில் கன்னடக் கல்வெட்டு என்பதே மாணவர்களுக்கு வியப்பு. ‘அவன் இடித்திருந்தால்?’ என்று கேட்டு, மறுபாதியை அவர்களையே எழுதச் சொன்னேன். “நமக்குக் கோயில் இருந்திருக்காது” என்று முடித்துவிட்டார்கள்.

அங்கே விடக்கூடாது. காஞ்சி வெற்றியின் நினைவாக விக்கிரமாதித்தனின் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுத்த விருபாட்சர் கோயிலில் கைலாசநாதரின் சாயல் உண்டு என்று கலை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். விருபாட்சரின் சாயல் எல்லோராவில் இராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்துக் கைலாசக் குடைவரையில் தெரிகிறது. ஒரு மன்னன் இடிக்காமல் விட்டது, மலையையே குடைந்த ஒரு கோயில் வரைக்கும் போகிறது. ரே பிராட்பரி 1952இல் எழுதிய கதையில் ஒரு பட்டாம்பூச்சி மிதிபட்டதால் எதிர்காலம் மாறிவிடும். அந்தக் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லி, இந்த மூன்று கோயில்களின் படங்களையும் திறன்பலகையில் அடுத்தடுத்துக் காட்டினேன். வரலாற்றில் ‘காரணமும் விளைவும்’ என்று நாம் வரையறை சொல்லிக் கொடுப்பதைவிட இது நன்றாகப் பதிந்தது.

மூன்றாம் பாடவேளை எழுத்துக்கு. இங்கே இலக்கணத்தைக் கொஞ்சம் கறாராக வைத்துக்கொண்டேன். ‘செய்தால்’ என்பது இன்னும் நடக்கக்கூடியது, ‘செய்திருந்தால்’ என்பது கைவிட்டுப் போனது. வித்தியாசம் காட்ட அத்திவரதரைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கள் ஊரில் இல்லை. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருள்பவர். 1979, 2019. “2059இல் நான் ஊரில் இருந்தால் பார்ப்பேன்.” “1979இல் பாட்டி வரிசையில் நின்றிருந்தால் பார்த்திருப்பார்.” இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் வேறு விளக்கமே வேண்டாம். ஆங்கில ஆசிரியர் ‘இஃப் கிளாஸ்’ நடத்தும் வாரத்திலேயே இதையும் வைத்துக்கொண்டால் இருவருக்கும் வேலை மிச்சம்.

எழுதுவதற்கு ஒரு நிபந்தனை வைத்தேன். ‘இருந்தால்’ என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு மறுபாதிகள் எழுத வேண்டும்: அதனால் கிடைத்திருப்பது ஒன்று, இல்லாமல் போயிருப்பது ஒன்று. டோனியின் நிபந்தனை அதுதானே. பொருள் திரைப்படமாகவோ ஊரின் வரலாறாகவோ இருக்கலாம் என்றேன். சொந்த வீட்டைப் பற்றி எழுதச் சொல்லவில்லை. இருந்தும் சிலர் வீட்டுக்குத்தான் போனார்கள். பதினான்கு வயதில் எல்லோருக்கும் ஒரு ‘இருந்தால்’ இருக்கிறது. சிலருக்கு அது ஆம்புலன்ஸ் அரை மணி நேரம் முன்னதாக வந்திருந்தால் என்று இருக்கிறது. ஆகவே எழுதியதை யாரும் வாசிக்க வேண்டியதில்லை என்று முன்பே சொல்லிவிட வேண்டும். மடித்து என்னிடம் கொடுத்தால் போதும். அப்படிப்பட்ட தாள்களில் நான் பிழை திருத்துவதில்லை, மதிப்பெண் போடுவதுமில்லை. தனியாகப் பேச வேண்டும் என்று தோன்றுகிற பிள்ளையை மாலையில் கூப்பிட்டுப் பேசுகிறேன்.

ஒரு தாளைப் பற்றி மட்டும், எழுதியவனின் ஒப்புதலோடு சொல்கிறேன். 1990களில் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் பிள்ளைகள் வேலை பார்த்தது இந்தப் பகுதி ஆசிரியர்களுக்குத் தெரியும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு நிறம். கரை நாடாவைத் தள்ள நெசவாளர் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும், பெரும்பாலும் அது சின்னக் கையாக இருந்தது. வாங்கிய முன்பணம் தீரும் வரை அந்தக் கை தறியை விட்டு நகர முடியாது. என் மாணவனின் அப்பா அப்படி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ‘அப்பா தறிக்குப் போகாமல் படித்திருந்தால் அவருக்கு ஒரு வேலை கிடைத்திருக்கும்’ என்பது அவன் எழுதிய முதல் பாதி. இரண்டாவதை எழுத வெகுநேரம் ஆனது. ‘அப்பா போகாமல் இருந்திருந்தால் அத்தை போயிருப்பார். அத்தை பன்னிரண்டாவது முடித்திருக்க மாட்டார்.’ அதன் கீழே ஒரு வரி இடம் விட்டு, ‘முன்பணம் வாங்காமல் இருந்திருந்தால் இரண்டு பேருமே படித்திருப்பார்கள்’ என்று எழுதியிருந்தான்.

நான் கேட்டது இரண்டு மறுபாதிகள். மூன்றாவது வரியில் அவன் கேள்வியையே இடம் மாற்றியிருந்தான். அப்பாவா அத்தையா என்பதை விட்டுவிட்டு, அந்த இருவரில் ஒருவர் போயே ஆக வேண்டும் என்று வைத்தது எது என்று பார்த்திருந்தான். சமூக அறிவியல் ஆசிரியரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தை நடத்தும்போது இந்த மூன்று வரிகளிலிருந்தே தொடங்கலாம் என்றார். அவனும் சம்மதித்தான், பெயர் சொல்லக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

டோனி விவகாரம் இன்னும் முடியவில்லை. சென்ற வாரம் புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது: மகளின் ஐந்தாண்டைக் காப்பாற்றியவன் கடைசியில் தன் உயிரைக் கொடுக்கிறானே, அப்படியானால் அந்த நிபந்தனைக்கு விலை கொடுத்தது அவனா, அப்பா இல்லாமல் வளரப்போகும் அவளா? வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை அதற்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.