தொழிற்சாலை இடம் மாறினால் கப்பலின் பாதையும் மாறும்

நம் தோட்டங்களில் விளையும் ரப்பர் கடல் கடந்து செல்வதை அனைவரும் அறிவோம். அது எந்தத் துறைமுகத்திற்கு, எந்த உருவில் செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்வது எது? பொருளைச் செய்யும் தொழிற்சாலை இருக்கும் இடமே.

டயரை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவே வெற்றிடம். டயர்களைக் கப்பலில் ஏற்றினால் காற்றையும் சேர்த்தே ஏற்ற நேரும். 33.3 கிலோ எடையுள்ள ரப்பர்க் கட்டிகளையோ நெருக்கமாக அடுக்கலாம். எனவேதான் முற்காலத்திலேயே மலாயா ரப்பர் மூலப்பொருளாகவே அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குச் சென்றது. அங்கே, வாகனம் வாங்குவோருக்கு அருகில், டயராக உருப்பெற்றது.

கையுறையின் நிலை வேறு. அதற்குரிய செறிவூட்டிய பாலில் 100-க்கு 60 பங்கே ரப்பர். மீதி பெரும்பாலும் நீர். நீருக்கும் கப்பல் கூலி கொடுப்பது வீண் செலவன்றோ? 1980-களில் நம் நாட்டில் கையுறைத் தொழிற்சாலைகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அண்மையில், வாங்குவோருக்கு அருகிலேயே பொருளைச் செய்யும் போக்கு வலுத்துள்ளது. 2018 முதல் அமெரிக்கா சீனப் பொருள்கள்மீது விதித்த வரியும், 2020-இல் பரவிய பெருந்தொற்றும் இதற்குத் தூண்டுகோலாயின. 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ கப்பல் சூயசுக் கால்வாயை ஆறு நாள் அடைத்து நின்றது, தொலைவை நம்பியிருப்பதன் இடரை உலகிற்கு உணர்த்தியது. 2023-இல் அமெரிக்காவிற்கு மிகுதியான பொருள்களை விற்ற நாடு சீனா அன்று. அண்டை நாடாகிய மெக்சிகோ. அங்கிருந்து பெரும்பாலான பொருள்கள் லாரியிலும் ரயிலிலுமே எல்லை கடக்கின்றன.

அப்படியானால் கப்பலுக்கு வேலை இல்லையா? உண்டு. மெக்சிகோத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய உதிரிப்பாகங்கள் ஆசியாவிலிருந்து அந்நாட்டின் மன்சானியோ துறைமுகத்திற்குக் கப்பலில் வருகின்றன. சரக்கும் துறைமுகமுமே மாறுகின்றன.

கப்பலின் வேலையை எடையோடு தூரத்தையும் பெருக்கி அளப்பர். 1,000 டன் சரக்கு 10,000 மைலுக்குப் பதிலாக 1,000 மைல் மட்டும் சென்றால், வேலை பத்தில் ஒரு பங்காகக் குறையும். நெடுந்தூரம் ஓடும் பெருங்கப்பல்களுக்குச் சரக்குக் குறைய, பல துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் சிறு கப்பல்களுக்கு வேலை கூடும். ஒரு கப்பலின் கொள்கலன்களை மற்றொன்றுக்கு மாற்றி அனுப்புவதைப் பெரும்பணியாகக் கொண்ட நமது கிள்ளான் துறைமுகத்திற்கு இது முக்கியச் செய்தியாகும்.

தொழிற்சாலை இடம் பெயரலாம். ரப்பர் மரம் பெயராது. வெப்பமும் மழையும் மிகுந்த மண்ணே அதற்கு ஏற்றது. ஆகவே, டயரை எங்கே செய்தாலும் ரப்பர் கப்பலேறியே தீரும். ஆனால், ஆலை இங்கிருந்தால் அதன் கூலியும் இங்கே தங்கும். தொலைவில் இருந்தால் கட்டியின் விலை மட்டுமே நம்மை வந்தடையும். பட்டையும் மணலும் கலவாத தூய ரப்பரை அளிப்பதோடு, நம் பிள்ளைகளுக்கு ஆலைத் தொழில்நுட்பத்தையும் கற்பிப்போமாக.